ரூபா பாய் பர்தூன்ஜி

ரண சிகிச்சைக்காகக் கோவை ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நம் கொங்கு நாட்டார், கத்தி பிடிக்கும் வைத்தியரின் பெயரை விசாரித்து அறிவர். மயக்க மருந்து கொடுத்து உயிர்மூச்சைக் காத்திருப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அத்தொழிலை ஏற்ற உலகின் முதல் வைத்திய மாது எனப் போற்றப்படுபவர் ஓர் இந்தியப் பெண்மணி என்பதையும் நாம் மறந்தோம்.

ஹைதராபாத் பார்ஸி குலத்தவரான ரூபா பாய், 1885-ல் அந்நகர வைத்தியப் பள்ளியில் சேர்ந்த ஐந்து பெண்களில் ஒருவர். 1889-ல் ஹக்கீம் பட்டம் பெற்றார். ஆசிரியர் எட்வர்டு லாரியிடம் குளோரோபாரம் கொடுக்கும் வித்தையைப் பயின்று, நோயாளிகளுக்குத் தம் கையாலேயே அதனைச் செலுத்தினார். நிஜாமின் ஆதரவில் 1888, 1889-ஆம் ஆண்டுகளில் நடந்த இரு குளோரோபாரம் கமிஷன்களின் ஆராய்ச்சியிலும் பங்கு கொண்டார். மருந்தின் இயல்பை மேலும் அறிய விரும்பி, 1909-ல் எடின்பரோ சென்று பௌதிகமும் ரஸாயனமும் கற்றார்.

நாடியை நம்பாது சுவாசத்தையே கவனிக்க வேண்டும், குளோரோபாரம் இருதயத்தை நேரே தாக்காது என்பன கமிஷனின் முடிவுகள். அது இருதயத்தையும் திடீரென நிறுத்தவல்லது என்பதை 1911-ல் லெவியின் ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் சுவாசத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்கலாகாது என்னும் பாடம் இன்றும் பொய்க்கவில்லை.

கமிஷனின் புகழ் லாரிக்கே சென்றது. மூச்சைக் காத்த அம்மாதின் பெயரை நம் பெண்மக்களுக்குக் கற்பிப்பது நம் கடனன்றோ?