மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

1957-ம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவில் தென் கரோலினா ராஜ்யத்தைச் சேர்ந்த ஜான்ஸ் தீவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு கட்டிடத்தின் முன்பக்கம் மளிகைக் கடை. பின்பக்கம் வகுப்பு. படிக்க வந்தவர்கள் 14 பேர். எல்லோரும் வயது வந்த கறுப்பு இன மக்கள்.

மளிகைக் கடை எதற்கு? வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான்!

அந்த ராஜ்யத்தில் ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். 300 டாலர் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. தீவில் இருந்த ஏழைகளுக்குச் சொத்தும் இல்லை, எழுத்தும் தெரியாது. ஆகவே ஓட்டும் இல்லை.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி செய்தவர் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை.

அவர் 1898-ல் சார்லஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். செப்டிமா 18 வயதில் ஆசிரியை ஆனார். சொந்த ஊர் சர்க்கார் பள்ளிகளில் கறுப்பு இனத்தவர்களுக்கு வேலை கிடையாது. அதனால் ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள்! இடையில் கணவரை இழந்தார். வேலை பார்த்துக் கொண்டே கல்லூரிப் படிப்பையும் தொடர்ந்தார். பி.ஏ. பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 44.

1956-ல் இடி விழுந்தது. கறுப்பு இன மக்களின் உரிமைச் சங்கத்தில் சர்க்கார் ஊழியர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. செப்டிமா விலக மறுத்தார். 40 ஆண்டு உத்தியோகம் போயிற்று. பென்ஷனும் போயிற்று. பெண்கள் சங்கம் ஒன்று அவருக்காக விழா நடத்தியது. ஆனால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்ள ஒருவரும் துணியவில்லை. அவர்களுக்கும் வேலை போய் விடுமே!

டென்னசி ராஜ்யத்தில் இருந்த ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளி அவருக்கு வேலை கொடுத்தது. அப்போது ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டி வந்தார். போகிற வழியிலேயே பயணிகளுக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார். அதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் கேட்டார். செப்டிமா ஏற்பாடு செய்தார்.

ஆசிரியையாக உறவுப் பெண் பெர்னிஸ் ராபின்சனை அமர்த்தினார். அவர் தலைமுடி அலங்காரம் செய்பவர். பள்ளியில் பாடம் நடத்திப் பழக்கம் இல்லாதவர். செப்டிமாவுக்கு அதுவே பிடித்து இருந்தது. பெரியவர்களைக் குழந்தைகளைப் போல அதட்ட மாட்டார் அல்லவா?

முதல் பாடம், அவரவர் பெயர். அட்டையில் எழுதிய பெயரின் மேல் பென்சிலை ஓட்டிப் பழகினார்கள். 65 வயது மூதாட்டி ஒருவர், பலகையில் இருந்த பெயர்களுக்கு நடுவே தம் பெயரைத் தாமே கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு மணியார்டர் பாரம். அப்புறம் அரசியல் சட்டம்.

பக்கத்துத் தீவுகளிலும் பள்ளிகள் முளைத்தன. 1959-ல் போலீசார் ஹைலாண்டரில் புகுந்து செப்டிமாவைக் கைது செய்தார்கள். சாராயம் வைத்து இருந்ததாகக் குற்றச்சாட்டு! அது நிற்கவில்லை. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் இந்தப் பள்ளிகளை ஏற்றுக் கொண்டது. தென் ராஜ்யங்கள் எங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆசிரியர் பயிற்சி பெற்றார்கள். 1965-ல் புதிய ஓட்டுரிமைச் சட்டம் வந்து, தென் கரோலினாவில் எழுத்துப் பரீட்சையை நிறுத்தியது.

1975-ல் சார்லஸ்டன் மாவட்டப் பள்ளிக் குழுவுக்குத் தேர்தல். செப்டிமா நின்றார், ஜெயித்தார். மறு ஆண்டு பென்ஷன் திரும்பக் கிடைத்தது. 1978-ல் சார்லஸ்டன் கல்லூரி அவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் படிக்கிற வயதில் கறுப்பு இனத்தவர்களைச் சேர்க்காத கல்லூரி அது.

1987-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, 89-வது வயதில் செப்டிமா ஜான்ஸ் தீவில் காலமானார்.