செவியால் கற்ற பேரறிஞர் தாஹா ஹுசைன்

இருபதாம் நூற்றாண்டின் அரபு இலக்கியத்தைப் பயில்வோர் தாஹா ஹுசைனைக் கடந்து செல்ல இயலாது. திறனாய்வாளராகவும் புதின ஆசிரியராகவும் அவரைப் பலர் அறிவர். கற்பிக்கப்பட வேண்டிய முறையில் கற்பிக்கப்படாத ஒரு மாணவராக அவரை ஈண்டு நோக்க விழைகின்றோம்.

1889-ஆம் ஆண்டு மேல் எகிப்தில், மகாகா நகரை அடுத்த சிற்றூரில், 13 பிள்ளைகள் கொண்ட எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்ணோய் கண்டது. ஊர் நாவிதர் செய்த வைத்தியத்தால் பார்வை அறவே போயிற்று. ஒருநாள் உணவு வேளையில், ஒரு கையால் எடுப்பதை இரு கைகளாலும் எடுத்துப் பார்த்தால் என்ன என்று சிறுவனுக்குத் தோன்றியது. அவ்வாறே செய்தான். உடன்பிறந்தோர் நகைத்தனர், தாய் அழுதார், தந்தை துயரம் தோய்ந்த குரலில் திருத்தினார். அன்று முதல் சிந்திவிடக்கூடிய உணவுகளை அவன் தொடவில்லை. அறிய விரும்பிச் செய்த ஒரு சோதனை நாணத்தில் முடிந்த கதை இது. வகுப்பறையில் வாய் திறவாத மாணவரைக் காணும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வருகின்றது.

நம் ஊர் மக்தபை ஒத்த குத்தாபில் சேர்ந்து, ஒன்பது வயது நிறையுமுன் திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தான். வீட்டார் அவனை ஷைகு என்று அழைக்கலாயினர். பின்னர் ஒரு மாலையில் விருந்தினர் முன்னிலையில் ஓர் அதிகாரத்தை ஓதுமாறு தந்தை பணித்தார். தொடக்கத்தைத் தாண்ட இயலவில்லை. வேறு அதிகாரங்களைக் கேட்டார்; அவையும் அவ்வாறே. மனனம் முடிந்ததாக அறிவித்த ஆசிரியர், அதன்பின் அவன் ஓதுவதைக் கேட்கவே இல்லை! மீண்டும் மனனம் தொடங்கிற்று. நாள்தோறும் பாடம் கேட்கும் பொறுப்பு சட்டாம்பிள்ளையிடம் விடப்பட்டது. அவரோ சிறு கையூட்டுப் பெற்றுக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டினார். இவற்றையெல்லாம் தாஹா ஹுசைன் 'அல்அய்யாம்' என்னும் தன்வரலாற்றில் எள்ளலும் பரிவும் கலந்து எழுதியுள்ளார். ஆசிரியராக இருப்போர் அந்நூலைப் படிக்குமிடத்துச் சற்றே கூசுதல் தவிர்க்கவியலாதது.

1902-இல் கெய்ரோவின் அல்அஸ்ஹருக்குச் சென்றார். நுழைவுத் தேர்வில் தேர்வாளர் அவரைப் பெயரால் விளிக்கவில்லை. குருடன் என்றே விளித்தார். தேர்வில் வென்ற மகிழ்ச்சியினும் அவ்விளியின் வடுவே நிலைத்து நின்றது. 1908-இல் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1914-இல் அதன் முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றார். ஆய்வுப் பொருள், தம்மைப் போன்றே பார்வையிழந்த கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி.

பிறகு பிரான்சு. அங்கே சூசன் என்னும் பெண்மணி அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டினார். 1917-இல் இருவரும் மணம் புரிந்தனர். இப்னு கல்தூன் பற்றிய ஆய்வுக்குப் பாரிசிலும் முனைவர் பட்டம் கிட்டியது. ஒலிநூலோ பேசும் கணினியோ இல்லாத நாளில் நூலகம் முழுவதும் அவருக்குப் பிறர் குரல் வழியாகவே வந்து சேர்ந்தது.

1926-இல், இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுக் கவிதை பற்றி அவர் வெளியிட்ட நூல் உலமாக்களின் கடும் எதிர்ப்பை ஈட்டியது. அதன் முடிவுகள் சில நமக்கும் உடன்பாடல்ல. எனினும் அதனைக் காட்டி அவருடைய கல்விப் பணியை மறைத்தல் நேர்மையன்று.

1938-இல் எகிப்தின் பண்பாட்டு எதிர்காலம் பற்றி எழுதிய நூலில், கல்வியை அனைவர்க்கும் விரிவாக்க வேண்டும் என வாதிட்டார். 1950-இல் கல்வி அமைச்சரானார். நீரும் காற்றும் போல் கல்வியும் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. தொடக்கப் பள்ளிக் கட்டணம் முன்னரே, 1944-இல், நீக்கப்பட்டிருந்தது. இவர் உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தையும் நீக்கினார். பள்ளிகளில் மாணவர் நெரிசல் மிகுந்தது. எண்ணிக்கை கூடினால் தரம் குன்றும் என்று கல்வியாளர் சிலர் மறுத்தனர். நிரம்பி வழியும் வகுப்பில் பாடம் நடத்தியவர் அம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் தரத்தைக் காரணங்காட்டி எவரை வாயிலில் நிறுத்துவது என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. வாயிலில் நின்ற அனுபவம் தாஹா ஹுசைனுக்கு உண்டு.

1952 சனவரியில் அமைச்சுப் பதவி முடிந்தது. 1973 அக்டோபர் 28 அன்று அவர் காலமானார். ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக அவருக்காகப் படித்துவந்த சூசன், அதன்பின் தம் கணவரைப் பற்றித் தாமே ஒரு நினைவுநூல் எழுதினார்.