அகராதி தந்த முனிவர்

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். முதலில் காவிரி. அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம். அதையும் தாண்டினால் கொள்ளிடம். அந்த ஆற்றோடு கிழக்கே போனால், வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி என்ற ஊர் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் புரட்டும் அகராதிக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு.

இத்தாலி நாட்டில் 1680-ம் ஆண்டு பிறந்தவர் பெஸ்கி. கிறிஸ்தவத் துறவியான இவர் 1710-ல் கோவாவில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குப் பிறகே தமிழ்நாட்டுக்கு வந்தார். ஆயினும் தமிழை ஆழக் கற்றார். 'தேம்பாவணி' என்ற காப்பியத்தையே பாடினார். ஏலாக்குறிச்சியில் மாதா கோவில் எழுப்பித் தொண்டு புரிந்தார். வீரமாமுனிவர் என்று நாம் போற்றுவது இவரைத்தான்.

அந்நாளில் சொல்லுக்குப் பொருள் காண்பது எளிதன்று. நிகண்டு என்னும் நூல்கள் இருந்தன. அவை பாட்டாக இருந்தன. மனப்பாடம் செய்தவர்களுக்கே பயன்பட்டன. 1594-ல் ரேவண சித்தர், முதல் எழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கி 'அகராதி நிகண்டு' பாடினார்.

முனிவர் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார். பாட்டை விட்டார். 1732-ல் 'சதுரகராதி' பிறந்தது. சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பகுதிகள். எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் சொல்லைத் தேடி எடுக்க வழி பிறந்தது.

அகராதி என்ற சொல் எப்படி வந்தது? அகரம், ஆதி என்ற இரண்டும் சேர்ந்தது அது. 'அ'வை முதலாக உடையது என்று பொருள். வேர் வடமொழி. ஹிந்தியில் இன்றும் 'அகாராதி' என்றால் அகர வரிசைதான். நூலுக்கு அங்கே 'சப்தகோஷ்' என்று பெயர். ஹிந்தியில் 'ஆதி' என்பதற்கு 'முதலியவை' என்றும் பொருள் உண்டு. நம் 'முதலியவை'யும் 'முதல்' என்பதிலிருந்து வந்ததுதானே! தெலுங்கிலும் மலையாளத்திலும் சொற்பொருள் நூலை நிகண்டு என்றே சொல்கிறார்கள். தமிழிலோ வரிசையின் பெயரே நூலின் பெயராகி நிலைத்துவிட்டது.

1741-ல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றினர். போரால் நாடு கலங்கிய காலம் அது. முனிவர் 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார். தம் அகராதி அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. 1824-ல்தான் அது சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

சென்னைக் கடற்கரையில் 1968-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் தெரியாத சொல்லைத் தேடி ஒரு பிள்ளை அகராதியைத் திறக்கிறதே, அதுவே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.