முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவரே ஆவார். சென்னை மாகாண சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். தேவதாசி முறை ஒழிப்புக்கான சட்டங்கள், சென்னையிலுள்ள அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை இவருடைய முதன்மையான பணிகள். நோயை அது முற்றுவதற்கு முன்பே கண்டறிய வேண்டும் என்ற கருத்து இவருடைய மருத்துவப் பணியிலும் சட்டமன்றப் பணியிலும் தொடர்ந்து காணப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை எஸ். நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தின் காரணமாக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். தாய்வழி உறவினருடன் நெருங்கி வளர்ந்த முத்துலட்சுமி, தேவதாசிக் குடும்பங்களில் பெண் குழந்தைகளின் நிலை என்ன என்பதைச் சிறு வயதிலேயே அறிந்திருந்தார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கு இவ்வனுபவமே அடிப்படையாக அமைந்தது.

பெண்களைப் பூப்பெய்தியவுடன் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமி அதன்பின் வீட்டிலேயே பாடம் கற்று, 1902ஆம் ஆண்டில் தனித்தேர்வராக மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் சேர இவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண்ணைச் சேர்ப்பதால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று பெற்றோர் சிலர் வாதிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இவரைச் சேர்த்துக்கொள்ள இசைவளித்தார். இவ்வாறு அக்கல்லூரியின் முதல் மாணவி ஆனார்.

மருத்துவக் கல்வி

முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பின்போது உடல்நலக் குறைவாலும் பொருள் நெருக்கடியாலும் இடர்ப்பட்டார். ஆயினும் பல பாடங்களில் பதக்கங்கள் பெற்று 1912இல் பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூரிலுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார். இப்பதவியை வகித்த முதல் பெண் இவர்.

1914ஆம் ஆண்டில் மருத்துவர் டி. சுந்தர ரெட்டியை மணந்தார். இத்திருமணம் 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடைபெற்றது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்றும் தம் விருப்பப்படி பணிபுரியத் தடை கூடாது என்றும் அவர் விதித்த நிபந்தனைகளைச் சுந்தர ரெட்டி ஏற்றுக்கொண்டார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரு மகன்கள். திரைப்பட நடிகர் ஜெமினி கணேசன் இவருடைய நெருங்கிய உறவினர்.

பொது வாழ்வு

அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, காந்தியடிகள் ஆகியோரின் தாக்கத்தால் முத்துலட்சுமி பொது வாழ்வில் ஈடுபட்டார். 1917இல் அடையாறில் தொடங்கப்பெற்ற இந்திய மாதர் சங்கத்தில் முக்கியப் பங்காற்றினார். அச்சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மாவின் ஆசிரியராகவும் இருந்தார். 1925இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, பெண்கள் மற்றும் குழந்தைகள் நோய்களில் உயர் பயிற்சி பெற்றார். 1926இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண் வாக்குரிமை மாநாட்டில் இந்தியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

சட்டமன்றப் பணிகள்

1926ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். நடந்து வந்த மருத்துவத் தொழிலுக்கு இடையூறு ஏற்படும் என்று முதலில் தயங்கினார். பெண்களுக்காகப் பேச அவையில் ஒருவர் வேண்டும் என்று இந்திய மாதர் சங்கத்தினர் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டார். அவையின் துணைத் தலைவராக உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக இவரைத் தேர்ந்தெடுத்தனர்.

நகராட்சிகள் நடத்தும் பள்ளிகளிலும் பிற கல்வி நிலையங்களிலும் மாணவர்களுக்கு முறையான மருத்துவச் சோதனை நடத்த வேண்டும் என்று இவர் அவையில் வலியுறுத்தினார். நோய் வந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தையை மட்டும் கவனிப்பது போதாது. நோயுள்ளது என்று தெரியாமலே வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையையும் தேடிக் காண வேண்டும் என்பது இக்கோரிக்கையின் உட்பொருள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காகவும் குரல் கொடுத்தார். சைமன் குழுவின் துணைக்குழுவாகக் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹார்டாக் குழுவில் உறுப்பினராக இருந்து பெண் கல்வியின் நிலையை ஆராய்ந்தார்.

1930இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். 1931இல் லாகூரில் கூடிய அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

தேவதாசி முறை ஒழிப்பு

பெண் குழந்தைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் தேவை என்னும் தீர்மானத்தை 1927 நவம்பரில் அவையில் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. இதன் தொடர்ச்சியாக 1929இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலங்கள் அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டன. நிலத்தை இழந்துவிடுவோம் என்ற அச்சமே பல குடும்பங்களை இவ்வழக்கத்தில் பிணைத்து வைத்திருந்தது என்பதால் இத்திருத்தம் முக்கியத்துவம் வாய்ந்தது.

சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி போன்றோர் மரபின் பெயரால் இம்முயற்சியை எதிர்த்தனர். பெரியார் ஈ. வெ. இராமசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் ஆதரித்தனர். எதிர்ப்பு மரபுவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிக் கலைஞர்களும் தங்கள் சங்கத்தின் வாயிலாக அரசுக்கு மனு அளித்தனர். இசையும் நடனமும் தங்கள் பரம்பரைக் கலைகள் என்றும், தங்களைப் பரத்தையருடன் ஒன்றாக வைத்து எண்ணுவது அநீதி என்றும் அவர்கள் முறையிட்டனர். சொத்துரிமையும் கலையுரிமையும் பெற்றிருந்த பெண்களின் குரலுக்குச் சீர்திருத்தவாதிகள் போதிய இடமளிக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். முத்துலட்சுமியோ, தம் விருப்பத்தைச் சொல்லும் வயதை எட்டாத சிறுமியை ஒரு வாழ்க்கைக்கு ஒப்புக்கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்ற நிலையில் உறுதியாக இருந்தார்.

பொட்டுக் கட்டுவதை முற்றிலும் தடை செய்யும் சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947ஆம் ஆண்டில் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

அவ்வை இல்லம்

தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமிகளுக்குத் தங்க இடமில்லாத நிலை இருந்தது. சாதி அடிப்படையில் இயங்கிய மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவ்வாறு தம்மிடம் வந்த சிறுமியருக்கு முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடமளித்தார். 1930களின் தொடக்கத்தில் இம்முயற்சி அவ்வை இல்லம் என்ற நிறுவனமாக உருப்பெற்று, பின்னர் அடையாறில் நிலைபெற்றது. சாதி வேறுபாடின்றி ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தங்குமிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் இங்கு வழங்கப்பட்டன.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை ஒருவர் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்நோய் தொடக்கத்தில் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டு மருத்துவம் செய்யப்பட்டது. உண்மை தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவரின் வீட்டிலேயே நோய் கண்டறியப்படாமல் போன இந்நிகழ்ச்சி இவரை மிகவும் பாதித்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் விருப்பத்தை வெளியிட்டார்.

இக்கருத்துக்கு எளிதில் ஆதரவு கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறப்பவர்களே, அவர்களுக்காகத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அரசு வட்டாரத்திலும் நிலவியது. நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வந்ததால் பெரும்பாலோர் இறந்தனர். பெரும்பாலோர் இறந்ததால் மருத்துவம் பயனற்றது என்று கருதப்பட்டது. இச்சுழலை உடைக்க மக்களிடம் நிதி திரட்டுவதே வழி என முடிவு செய்து, 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மருத்துவமனை 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. இவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த மருத்துவர் வி. சாந்தாவும் இந்நிறுவனத்தை நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மையங்களுள் ஒன்றாக வளர்த்தனர்.

முன்கூட்டியே கண்டறிதல்: பிற்கால வளர்ச்சி

அறிகுறி பெரிதாகத் தெரிவதற்கு முன்பே நோயைத் தேடிக் கண்டறிவதை இன்றைய மருத்துவம் தனித் துறையாகவே வளர்த்துள்ளது. உடல்நோய்களுக்கு மட்டுமின்றி மனநலக் குறைகளுக்கும் போதைப் பழக்கங்களுக்கும் இம்முறை விரிந்துள்ளது. இரத்தச் சோதனையாலோ ஊடுகதிர்ப் படத்தாலோ இவற்றைக் காண இயலாது என்பதால், சில நிமிடங்களில் கேட்டு முடிக்கக்கூடிய சிறு வினாத்தொகுப்புகள் பயன்படுகின்றன. மதுப் பழக்கத்துக்காக உலக சுகாதார அமைப்பு 1989இல் வெளியிட்ட வினாத்தொகுப்பில் 10 வினாக்கள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40. பொதுவாக 8 அல்லது அதற்கு மேல் பெறுபவருக்குக் கூடுதல் கவனம் தேவை எனக் கொள்ளப்படுகிறது. மனச்சோர்வுக்கு 9 வினாக்கள் கொண்ட தொகுப்பும், புகைப் பழக்கத்துக்கு 6 வினாக்கள் கொண்ட தொகுப்பும் பரவலாக வழக்கில் உள்ளன. புகைப் பழக்கத்துக்கான தொகுப்பின் முதன்மையான வினா, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார் என்பதாகும். இடைவெளி குறையக் குறைய அடிமை நிலை கூடுதல் எனக் கருதப்படும்.

இத்தகைய வினாக்கள் நோயை உறுதிப்படுத்துவதில்லை. யாரை விரிவாகச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டுமே காட்டுகின்றன. மதிப்பெண் கூடுதலாக உள்ளவருக்கு அவ்விடத்திலேயே சுருக்கமான அறிவுரை தரப்படுகிறது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார். வெட்கத்தாலோ அச்சத்தாலோ தாமாக வாய் திறக்காதவர்களுக்கு, எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கப்படும் வினா பேசுவதற்கு ஒரு வாய்ப்பாகிறது.

முத்துலட்சுமி நிறுவிய மருத்துவமனைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கியக் காரணம் என்பதால், புகையிலைப் பழக்கத்தை விடச் செய்வது புற்றுநோய்த் தடுப்பின் ஒரு பகுதியாகிறது. 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கப்பெற்ற 13 புகையிலை நிறுத்த மையங்களுள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்று. நோயாளிகளின் மனநலனைக் கவனிக்க அங்கு உளவியல் புற்றுநோயியல் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, புதுக்கோட்டையின் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்றாக இருந்தது. புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டமாகும் வரை அதன் பெரும்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவச் சோதனை என்ற இவருடைய கோரிக்கையின் விரிந்த வடிவமாக, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைக் கருதலாம். இத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பிறவிக் குறை, நோய், ஊட்டச்சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்காகச் சோதிக்கிறது.

விருதும் மறைவும்

1950களில் மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவராக முத்துலட்சுமி பணியாற்றினார். 1956இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. முதுமையிலும் அவ்வை இல்லத்தின் பணிகளிலும் மருத்துவமனையின் பணிகளிலும் ஈடுபட்டிருந்த முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று சென்னையில் தமது 81ஆம் வயதில் காலமானார்.

நினைவு

கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு நிதியுதவி வழங்கும் தமிழ்நாடு அரசின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. கூகுள் நிறுவனம் 2019 ஜூலை 30 அன்று தன் முகப்புப் பக்கத்தில் இவருடைய உருவத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது. 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனையும் அவ்வை இல்லமும் இவருடைய மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்து இயங்கி வருகின்றன.

எழுதிய நூல்கள்

சட்டமன்ற உறுப்பினராகத் தாம் பெற்ற அனுபவங்களை 1930இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1964இல் இவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. இவருடைய இளமைக் காலத்தையும் தேவதாசி முறை ஒழிப்பு முயற்சிகளையும் அறிய இவ்விரு நூல்களும் முதன்மைச் சான்றுகளாக உள்ளன.