மலையில் பிறந்த சபை: நீலகிரியில் அயோத்திதாசர்

தேவாலாவில் நடப்போர் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களின் வாய்களை இன்றும் காணலாம். 1880ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இப்பகுதியின் தங்கத்தை நம்பிப் பங்கு திரட்டின. சில ஆண்டுகளிலேயே சரிந்தன. அதே காலத்தில் இதே நீலகிரியில், பெருமுதல் ஏதுமின்றி ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கெனச் சபை கண்டனர். அவற்றுக்கு வித்திட்டவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர். இளமையிலேயே குடும்பம் நீலகிரியில் குடியேறியது. தமிழும் சித்த மருத்துவமும் கற்ற அவர், ஆசிரியர்மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். பின்னர் அருட்திரு ஜான் இரத்தினத்துடன் இணைந்து திராவிட பாண்டியன் இதழை நடத்தினார்.

1891இல் திராவிட மகாஜன சபை உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று நீலகிரியில் கூடிய அதன் மாநாடு கல்வி, வேலைவாய்ப்பு, பொதுக் கிணறு, இழிவான பெயரால் அழைப்போர்க்குத் தண்டனை எனக் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக்கிக் காங்கிரசுக்கு அனுப்பியது. சட்டம் பயின்ற நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரக்கம் வேண்டும் மன்றாட்டு மொழியை அவர்கள் கைக்கொள்ளவில்லை. இன்ன உரிமை, இன்ன அதிகாரியின் கடமை என்று வரையறுத்தே கேட்டனர்.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரிப் பிரதிநிதியாக அவர் அமர்ந்தார். ஆலய நுழைவுக் கோரிக்கை மறுக்கப்பட்டது. இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. எது மறுக்கப்பட்டது என்பதை அவர் மறக்கவில்லை. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது தமிழன் ஆயிற்று. மருத்துவத் தொழிலையும் இதழ்ப் பணியையும் ஒருசேர நடத்தி, 1914 மே 5 அன்று மறைந்தார்.

தேவாலாவில் பொய்த்த தங்கம் கோலாரில் கிடைத்தது. அங்கே பூமிக்கடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களே சாக்கிய பௌத்த சங்கத்தின் வலிமையான கிளைகளை வளர்த்தனர். பண்டிதர் மறைந்த பின் அவர் எழுத்துகளை நூல்களாக்கிக் காத்ததும் கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலையே. வறிய உழைப்பாளர் தாங்கிய அமைப்பு, அதை நிறுவியவரின் காலத்தைக் கடந்தும் வாழ்ந்தது.

இவ்வரலாறு இன்றைய தேவாலாவுக்குத் தேவைப்படுகிறது. தேயிலைத் தோட்ட லயன்களில் பட்டா, குடிநீர், சாதிச் சான்றிதழ் என ஒவ்வொருவரும் தனித்தனி மனுவோடு அலுவலகங்களில் காத்து நிற்கின்றனர். நம்மிடையே தோன்றும் கலைக்குழுக்களும் இளைஞர் மன்றங்களும் பல நேரங்களில் ஒரு விழாவோடு, ஒரு பிளெக்ஸ் பலகையோடு முடிந்துபோகின்றன. பறையிசைக்கும் குழுவாயினும் மாலை வகுப்பாயினும், உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் இருந்தால்தான் அது அடுத்த தலைமுறையின் கைக்குச் சேரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கம் அமைக்க ஏழு பேர் போதும்.

சிலைக்கு மாலையிடுவதோடு பண்டிதருக்கு நாம் பட்ட கடன் தீராது. நம் லயன்களில் ஒரு வாசிப்பறையை எழுப்பி, அதன் முதல் தீர்மானத்தை நம் கையாலேயே எழுதுவோம்.