தமிழோசைக்குப் பெயர் வைத்த பெரியவர்



காலையில் எழுந்ததும் வானொலிப் பெட்டியைத் திருகுகிறோம். பாட்டு வருது, செய்தி வருது. பேசுகிறவர் யார், அந்தப் பேச்சுக்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று நாம் யோசிப்பதே இல்லை. பரிசளிப்பு விழா மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அப்படிப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் சோ. சிவபாதசுந்தரம்.

இவர் 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியில் கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பக்கத்து ஊர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் படித்துவிட்டுக் கப்பலேறி மலாயாவுக்கு வந்தாங்க. ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசுகளிலும் கிராணி வேலை பார்த்தாங்க. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த குடும்பங்களில் அவர்களும் உண்டு. சிவபாதசுந்தரமோ இலங்கையிலேயே இருந்து எழுத்துத் துறையில் இறங்கினார்.

நா. பொன்னையா என்பவர் 1930-இல் தொடங்கிய 'ஈழகேசரி' என்னும் பத்திரிகைக்கு இவர் 1938 முதல் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அந்தப் பத்திரிகை புதிதாக எழுத வந்த இளைஞர்களுக்கு இடம் கொடுத்து வளர்த்தது. இலங்கைத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் ஈழகேசரியை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அதன் பிறகு இலங்கை வானொலிக்குப் போனார். கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16-இல் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய நிலையங்களில் அது ஒன்று. இவர் சேர்ந்தது யுத்த காலம். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கடிதப் போக்குவரத்து நின்றுபோன அந்த நாளில் வானொலியில் வரும் ஒரு சொல்லுக்காக ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பத்திரிகை படிக்கிறவருக்கு ஒரு வரி புரியாவிட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம். வானொலி கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. சொல் காதில் விழுந்தது, போயிற்று! ஆகவே வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். சொல் தெளிவாக இருக்க வேண்டும். அதற்காகக் கொச்சையாகவும் பேசிவிடக் கூடாது. பண்டிதர் தமிழுக்கும் கடைத்தெருத் தமிழுக்கும் நடுவில் ஒரு நல்ல தமிழைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேனாவால் பேர் வாங்கிய மனிதர், இந்தப் புதுப் பாடத்தை முதலிலிருந்து படித்துத் தேறினார்.

1947-இல் இவர் லண்டனுக்குப் போனார். பி.பி.சி. நிலையம் 1941 மே 3-ஆம் தேதி முதல் வாரம் ஒருமுறை ஒரு தமிழ் நிகழ்ச்சியை ஒலிபரப்பி வந்தது. அதற்குச் 'செய்தி மடல்' என்று பெயர். சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்று புதுப் பெயர் சூட்டினார். பாரதியாரின் பாட்டிலிருந்து எடுத்த சொல் அது. மடல் என்றால் ஏட்டைச் சேர்ந்தது, கண்ணால் படிப்பது. ஓசை காதுக்கு உரியது. வானொலிக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்!

இதில் இன்னொரு பெருமையும் இருக்கு. தமிழின் ஓசை உலகமெல்லாம் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்ட பாரதியார் 1921-இலேயே கண்ணை மூடிவிட்டார். இந்தியா விடுதலை பெற்றது 1947-இல், இலங்கை 1948-இல், நம்ம மலாயா 1957-இல். மூன்று நாட்டையும் ஆண்டவனின் தலைநகரிலிருந்தே, நம் கவியின் சொல்லைத் தாங்கித் தமிழ் புறப்பட்டது. நல்ல பெயர் நிலைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. வைத்தவர் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் தமிழோசை நேரத்துக்காகக் காத்திருந்தாங்க. 2017 ஏப்ரல் 30-இல்தான் அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது. தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 76 ஆண்டுகள்!

தான் கற்ற வித்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை இந்தப் பெரியவர். 1954-இல் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை வெளியிட்டார். வானொலித் தொழிலைத் தமிழிலேயே படிக்க வழி காட்டிய முன்னோடி நூல் அது. தொழில் தெரிந்த பலர் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். இவர் எழுதி வைத்தார். ஆசிரியத் தொழிலில் இருக்கிற எனக்கு இவரிடம் மிகவும் பிடித்த குணம் இதுதான்.

ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவதிலும் இவருக்கு விருப்பம் அதிகம். மாணிக்கவாசகர், கௌதம புத்தர், சேக்கிழார் ஆகியோரின் அடிச்சுவட்டைத் தேடிப்போய் மூன்று நூல்கள் எழுதினார். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தபோது, தம்மைப் போலவே வானொலியில் வேலை பார்த்த எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977-இல் வெளியிட்டார். சிறுகதையின் வரலாறு 1989-இல் வந்தது. அப்போது அவருக்கு வயசு எழுபதுக்கு மேல்! 2000-ஆம் ஆண்டு நவம்பரில் தமது 88-ஆவது வயதில் மறைந்தார்.

பிள்ளைகளே, இந்தக் கதை சுங்கை பூலோவில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள். 1946-இல் மலாயா வானொலி வந்த பிறகும் லயத்தில் எல்லார் வீட்டிலும் பெட்டி கிடையாது. பெட்டி இருந்த வீட்டு வாசலில் கூடி நின்று கேட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உலகச் செய்தியையும் நல்ல தமிழையும் கொண்டுவந்து கொடுத்தது அந்தக் குரல்தான். இன்று அந்த ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் வீடுகளும் சாலைகளும் வந்துவிட்டன. லயங்கள் மறையலாம், நாக்கில் இருக்கும் தமிழ் மறையக் கூடாது.

ஆகையால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். தினமும் பத்து வரி வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் பாட்டியை எதிரில் உட்கார வைத்துப் படியுங்கள். அவருக்குப் புரிந்ததா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் மறுபடியும் நிறுத்திப் படியுங்கள். லகர, ளகர, ழகரம் மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சபைக் கூடலில் செய்தி வாசிக்க ஆசிரியர் கூப்பிட்டால் பின்னால் ஒளியாமல் முன்னே வாருங்கள். கரம்பொன் ஊரிலிருந்து கிளம்பிய ஒரு குரல் லண்டன் வரை போனது. உங்கள் குரல் எதுவரை போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!