இரும்புக் கலப்பை தந்த லட்சுமணராவ் கிர்லோஸ்கர்

தாபோடியில் வாழும் தமிழன்பர்களில் பலர் நாள்தோறும் முளா ஆற்றைக் கடந்து கட்கிக்குச் சென்று வருபவர்கள். அங்கே லட்சுமணராவ் கிர்லோஸ்கர் சாலை என்றொரு சாலை உண்டு. அப்பெயருக்குரியவர் யாரென நம் பிள்ளைகளை வினவினால், பம்பு செய்யும் கம்பெனிக்காரர் என்பதோடு நிறுத்திக்கொள்வர். நாம் வந்து வாழும் இம்மராட்டிய மண்ணில் உழவரின் உழைப்பையே மாற்றியமைத்த அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

அவர் 1869ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பெளகாமை அடுத்த குர்லஹோசூரில் பிறந்தார். ஏட்டுக் கல்வியில் மனம் செல்லவில்லை, ஓவியத்தில் சென்றது. பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் வண்ணங்கள் சிலவற்றை வேறுபடுத்தி அறியும் ஆற்றல் அவர் கண்களுக்குக் குறைவாக இருந்தது. (ரயில்வேயில் இக்குறை உடையவரை எஞ்சினில் ஏற்றமாட்டார்கள் என்பதை எம் போன்றோர் நன்கறிவோம்.) வண்ணம் கைவிட்டது, கோடு கைவிடவில்லை. இயந்திர வரைபடக் கலையைக் கற்று, விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டில் ஆசிரியரானார்.

மாதந்தோறும் சம்பளம் வரும் வேலை. குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். எனினும் முறைப்படி தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போயிற்று. நம்மில் பெரும்பாலோர் இத்தகைய நேரத்தில் மனு ஒன்று எழுதிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் அலுவலகம் சென்று அமர்வோம். அவரோ வேலையை உதறிவிட்டுப் பெளகாமுக்குத் திரும்பினார். அங்கே 1888இல் தொடங்கப்பட்ட சைக்கிள் கடையை அவருடைய தமையனார் ராமுவண்ணா கவனித்து வந்தார். வண்டிகளை விற்பதும், பழுது பார்ப்பதும், ஓட்டக் கற்பிப்பதுமே தொழில்.

அந்நாளில் சைக்கிள் செல்வர்க்கே உரிய பொருள். அதை விற்றுப் பொருளீட்டியவரின் கருத்து, காடு கழனியில் நிற்கும் ஏழை உழவரின்பால் திரும்பியதே வியப்பு. மாட்டுத் தீவனத்தை நறுக்கும் பொறியை முதலிற் செய்தார். அடுத்து 1903 அளவில் இரும்புக் கலப்பையைச் செய்தார்.

தக்காணத்துக் கரிசல் மண் கோடையில் கல்லாய் இறுகும்; மழையில் களியாய் ஒட்டும். மரக்கலப்பை அதன் மேற்பரப்பைக் கீறிச் செல்லுமே அன்றிப் புரட்டாது. ஆழ ஓடிய புல்வேர் அப்படியே கிடக்கும். இரும்புக் கலப்பையோ மண்ணை வெட்டி, வளைந்த இறக்கையால் புரட்டிப் போடும். வேர் வெயிலில் காய்ந்து மடியும். இத்தனை நன்மை இருந்தும் வாங்குவார் இல்லை. இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என்று உழவர் அஞ்சினர். முதற் கலப்பையை விற்க இரண்டாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வுழவரை அறிவிலிகள் என எண்ணி நகைக்க வேண்டா. அமெரிக்காவில் 1797இல் நியூபோல்டு என்பார் வார்ப்பிரும்புக் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றபோது, அந்நாட்டுக் குடியானவரும் இதே அச்சத்தால் அதைத் தீண்ட மறுத்தனர். 1837இல் ஜான் டீர் உருக்குக் கலப்பை செய்த பின்னரே புல்வெளி நாட்டின் ஒட்டு மண் வளைந்து கொடுத்தது. ஒரு பருவம் தவறினால் ஓராண்டுச் சோறு போய்விடும் நிலையில் இருப்பவன் புதுமையை ஐயுறுவது இயல்பே. லட்சுமணராவின் பெருமை கருவியைச் செய்ததில் பாதி. அந்த ஐயம் தீருமளவும் பொறுத்திருந்ததில் மறுபாதி என்பது எம் கருத்து.

பெளகாமில் தொழிற்சாலை இருந்த இடத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது. அவ்வேளையில் ஔந்து அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி கடனுதவியும் 32 ஏக்கர் தரிசும் அளித்தார். இடம் குண்டல் ரோடு ரயில் நிலையத்தை ஒட்டியது. அப்பாதை அந்நாளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயைச் சேர்ந்தது என்பது நமக்கு உவப்பான செய்தி. சப்பாத்திக்கள்ளியும் நாகமும் நிறைந்த அப்பொட்டலில், 25 தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் துணைவர, 1910ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் கிர்லோஸ்கர்வாடி பிறந்தது. அங்கே தீண்டாமைக்கு இடமில்லை என்று விதித்தார். சிறைமீண்டவர்களை இரவுக் காவலுக்கு அமர்த்தினார். களவு செய்தவனிடமே சாவியைக் கொடுக்கும் துணிவு எத்தனை முதலாளிகளுக்கு வரும்?

முதல் உலகப் போரின்போது இரும்பு வரத்து குன்றிற்று. கோல்ஹாப்பூர் அரசரிடம் பயனற்றுக் கிடந்த பழம் பீரங்கிகளைப் பெற்று உருக்கிக் கலப்பையாக வார்த்தார். 1920இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் பதிவாயிற்று. மைந்தர் சாந்தனுராவ் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1926இல் திரும்பினார். அதே ஆண்டில் சுழல்விசைப் பம்பும் அங்கே உருவாயிற்று.

பம்பு வந்த கதை நம்மவர்க்குப் புதிதன்று. விடியலுக்கு முன்னரே எருதுகளைப் பூட்டி, கமலையில் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த காலத்தைக் கோவை, சேலம் பக்கத்து முதியோர் கூறக் கேட்டிருப்போம். பம்பு வந்தபின் அந்நடை நின்றது, கிணறும் ஆழமாயிற்று. கமலையோட்டியின் கூலியும் அத்துடன் போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் எருதோடு எருதாகத் தேய்ந்த அவ்வுழைப்பு திரும்பி வரவேண்டுமென எவரும் வேண்டியதாக யாம் கேட்டதில்லை.

1946இல் நம் அண்டையிலுள்ள கட்கியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை எழுந்ததையும் அவர் கண்டார். 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் புனேயில் மறைந்தார். குண்டல் ரோடு என்ற நிலையத்தின் பெயர் கிர்லோஸ்கர்வாடி என மாறிற்று. மிரஜ் வழிக் கால அட்டவணையில் அப்பெயரையே இன்று காண்கின்றோம்.